கடைமடை நிலத்தின் மேடு பள்ளமும் அலையாத்திக் காடும்

காவிரிப் பாசனப் பகுதியில் ஒருவர் நிலம் வாங்கும்போது எத்தனை மா, எந்த வாய்க்கால் பாசனம், களியா மணற்பாங்கா, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றெல்லாம் விசாரிப்பார். அந்த நிலம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தலைமடையில் இந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமானதன்று. ஆனால் திருவாரூர் மாவட்டத்தின் தென்கோடியில், முத்துப்பேட்டைக்குத் தெற்கே வயல் முடிந்து அலையாத்திக் காடு தொடங்கும் இடங்களில், வெள்ளாமை வீடு வந்து சேருமா சேராதா என்பதையே ஒரு சாண் உயரம் முடிவு செய்துவிடுகிறது.

ஜாம்பவானோடை, துறைக்காடு, தில்லைவிளாகம், இடும்பாவனம், தொண்டியக்காடு போன்ற ஊர்களின் விவசாயிகளுக்கு இது புதிய செய்தியன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வயல் இரண்டு நாளில் வடிந்துவிடும். அடுத்த வயல் எட்டு நாள் முழுகிக் கிடக்கும். சித்திரையில் ஒரு வயலில் வெண்மையாக உப்புப் பூத்திருக்கும்; வரப்புக்கு அந்தப் பக்கம் அப்படி இராது. மண் ஒன்றே, பாசனமும் ஒன்றே. வேறுபாடு நிலத்தின் மட்டத்தில்தான் உள்ளது. அந்த வேறுபாட்டைக் கண்ணால் மதிப்பிட இயலாது. அளந்து, படமாகப் போட்டுக்கொண்டால் மட்டுமே தெரியும். அதை எப்படிச் செய்வது, அரசு வெளியிட்டுள்ள படங்கள் இதற்கு எவ்வளவு தூரம் உதவும் என்பவற்றை இங்குக் காண்போம்.

அச்சிட்ட படத்தில் என்ன இருக்கிறது?

நிலத்தின் ஏற்ற இறக்கங்களைக் காட்டும் படத்துக்குத் தலப்படம் என்று பெயர். நம் நாட்டில் 1767-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய நில அளவைத் துறை இப்படங்களை வெளியிடுகிறது. பொதுவாகப் பயன்படுவது 1:50,000 அளவுள்ள படம். அதில் 2 செ.மீ. நீளம் தரையில் 1 கிலோமீட்டரைக் குறிக்கும். முத்துப்பேட்டை ஊர் 58 என்/7 என்ற எண்ணுள்ள தாளின் கிழக்கு ஓரத்தில் வருகிறது. கடற்கழியும் காட்டின் பெரும்பகுதியும் பக்கத்துத் தாளான 58 என்/11-இல் உள்ளன. முன்பு கடலோரத் தாள்களைப் பெற எழுத்து மூலம் அனுமதி கேட்கவேண்டியிருந்தது. 2017-ஆம் ஆண்டு முதல் பொதுமக்களுக்கான படங்களை இணையத்தில் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வழி செய்யப்பட்டுள்ளது.

இப்படத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்துப் பழுப்பு நிறக் கோடுகள் வரையப்பட்டிருக்கும். இவை சம உயரக் கோடுகள். கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்தானது, விலகியிருந்தால் தட்டையானது. 1:50,000 படத்தில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் பொதுவாக 20 மீட்டர் உயர வித்தியாசம் உண்டு.

மலை நாட்டுக்கு இது மிகவும் ஏற்றது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வடக்குப் புறநகர்கள் சான் கேப்ரியல் மலையின் ஆழமான பள்ளத்தாக்குகளை முட்டிக்கொண்டு வளர்ந்துள்ளன. அம்மலைக் காடு 1892-ஆம் ஆண்டிலேயே அரசின் காப்பில் கொண்டுவரப்பட்டது. வீட்டு மனையின் பின்வேலியைத் தாண்டினால் காடு என்ற நிலை. அந்நாட்டின் தலப்படத்தில் 40 அடிக்கு ஒன்று வீதம் கோடுகள் கற்றைகற்றையாக அமைந்துள்ளன. காட்டுத் தீக்குப் பின் பெருமழை பெய்தால் எந்தப் பள்ளத்தாக்கின் வழியாகச் சேறும் பாறையும் எந்தத் தெருவில் வந்து இறங்கும் என்பதை அக்கோடுகளைப் பார்த்தே ஊகிக்கலாம். குடியிருப்பும் காடும் சந்திக்கும் இடத்தில் ஆபத்து எந்தத் திசையிலிருந்து வரும் என்பதை அங்குப் படமே காட்டிக்கொடுக்கிறது.

முத்துப்பேட்டையிலும் மனிதர் நிலமும் காப்புக் காடும் வேலியடுத்து வேலியாக உள்ளன. ஆனால் 58 என்/11 தாளை விரித்துப் பார்த்தால் சம உயரக் கோடு ஒன்றுகூடக் கண்ணில் படாது. கடலிலிருந்து வயல் வரை எல்லாமே 20 மீட்டருக்குக் கீழ்தான். ஆறு, காடு, உப்பளம், சாலை, கோயில் எல்லாம் இருக்கும். மேடு பள்ளம் மட்டும் இராது. படத்தின் மேல் குறை சொல்வதற்கில்லை. மலையை அளக்கும் கோலால் நம் நிலத்தை அளக்கப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

தஞ்சைத் தரணியின் தட்டை நிலம் நில அளவையாளர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே தொல்லை கொடுத்து வந்திருக்கிறது. 1802-ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய லாம்டன் துரை, 1808-ஆம் ஆண்டு தஞ்சைக்கு வந்தார். குன்றுகள் இல்லை, தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. ஆகவே கோயில் கோபுரங்களின் மீது ஏறி அளக்கவேண்டியதாயிற்று. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிவிட்டது. அதைத் தம் கையாலேயே தட்டிச் சீர்செய்ய அவருக்கு வாரக்கணக்கில் பிடித்தது.

உயரத்தைக் கணக்கிட ஒரு தொடக்கம் வேண்டும். அதுவே சராசரிக் கடல் மட்டம். இந்தியா முழுவதற்கும் இதை நிர்ணயிக்க ஒன்பது துறைமுகங்களில் கடல் ஏற்ற இறக்கம் பல ஆண்டுகள் பதிவு செய்யப்பட்டது. அந்த ஒன்பதில் நம் நாகப்பட்டினமும் ஒன்று. அக்கணக்கு 1909-ஆம் ஆண்டு முடிந்தது. இரயில் நிலையப் பலகையில் எழுதியிருக்கும் உயரமும், பொதுப்பணித் துறையார் பாலத்திலும் மதகிலும் வெட்டி வைத்துள்ள அம்புக் குறியும் அந்தத் தொடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்டவையே.

கைபேசியில் உயரம் பார்க்கலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பார்க்கலாம், ஆனால் பயனில்லை. விண்கோள் சமிக்ஞையிலிருந்து கைபேசி கணக்கிடும் உயரத்தில் பல மீட்டர் பிழை வரக்கூடும். சில செயலிகள் திருத்தம் செய்யாத கணக்கைக் காட்டுவதால், நம் பகுதியில் ஏறத்தாழ 90 மீட்டர் கடல் மட்டத்துக்குக் கீழே என்றுகூட எழுதிக் காட்டும். பயப்படவேண்டியதில்லை. விண்ணிலிருந்து எடுத்த பொது உயரப் படங்களிலோ தென்னந்தோப்பின் தலையும் அலையாத்தி மரத்தின் தலையும் தரையோடு சேர்ந்து கணக்கில் வந்துவிடுகின்றன. நமக்கு வேண்டியது சென்டிமீட்டர்க் கணக்கு.

ஒரு சாணுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

தஞ்சாவூர் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 50 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் உள்ளது. அங்கிருந்து முத்துப்பேட்டை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 58 கிலோமீட்டர். அதாவது சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவே இறக்கம். கடலை நெருங்க நெருங்க இந்த இறக்கமும் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் இல்லையென்றே சொல்லும்படி ஆகிவிடுகிறது. வெண்ணாற்றிலிருந்து நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் பிரியும் பாமணியாறும் கோரையாறும், இன்னும் கிளைதாங்கியாறு, மரைக்கா கோரையாறு முதலியனவும் வந்து விழுவது இந்தத் தட்டையான கழியில்தான். மேலே உள்ள அத்தனை வயல்களின் வடிநீரும் இவ்வழியே போகவேண்டும்.

இங்குக் கடலின் ஏற்ற இறக்க வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. வேறு கடற்கரைகளை நோக்க இது மிகவும் சிறிது. ஆனால் நிலமும் அதே அளவில் தட்டையாக இருப்பதால், ஓதம் ஏறும்போது வடிகால் நின்றுவிடுகிறது. இறங்கும்போது மட்டுமே நீர் வெளியேறுகிறது. வயல் மட்டம் ஓதத்தின் உச்சிக்கு 30 செ.மீ. மேலே இருந்தால் நாள் முழுவதும் ஏதோ ஓர் அளவு வடியும். 10 செ.மீ. மட்டும் மேலே இருந்தால் ஓதம் தணிந்த சில மணி நேரமே வடியும். ஓத உச்சிக்குக் கீழே இருந்தால், அந்தச் சில மணி நேரத்திலும் முதலில் வாய்க்காலில் நிற்கும் நீர் வடிந்த பிறகுதான் வயலின் முறை வரும்.

ஓர் ஏக்கரில் 10 செ.மீ. உயரம் நிற்கும் நீர் ஏறத்தாழ 4 இலட்சம் லிட்டர். வடிகாலுக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகக் குறைந்தால் அந்த 4 இலட்சம் லிட்டரும் அவ்வளவு கூடுதல் நாள் பயிரின் மேல் நிற்கும். தூர் கட்டும் சம்பாப் பயிர் தாங்கும் நாளுக்கும் அழுகும் நாளுக்கும் இடையே உள்ள வேறுபாடு இதுவே.

கோடையில் இதே கணக்கு தலைகீழாகத் திரும்புகிறது. ஆற்றில் நன்னீர் வரத்து நின்றதும் கழியின் உப்பு ஏறி, ஏறக்குறைய கடல்நீருக்குச் சமமாகிவிடும். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் அந்த நீர் வடிகால் வழியே எதிர்த்து வருகிறது. பள்ளமான வயலில் புகுந்த உப்பு நீர் திரும்பிப் போவதில்லை. வெயிலில் ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் செல்கிறது.

காடு கற்பித்த பாடம்

இந்தப் பள்ளத்தின் குணத்தை நமக்கு மிகத் தெளிவாகக் காட்டியது வயலன்று, அலையாத்திக் காடே. முத்துப்பேட்டைக் காப்புக் காடு சுமார் 12,000 எக்டர் பரப்புள்ளது. இதில் கழியும் மொட்டைச் சேற்று நிலமும் போக மரம் நிற்பது ஒரு பகுதியில்தான். பெரும்பாலும் அலையாத்தி என்னும் வெண்கண்டல் மரமே. முன் காலத்தில் இக்காடு சத்திரம் நிர்வாகத்தோடு இணைந்திருந்தது; பிறகு வனத்துறையின் பொறுப்புக்கு வந்தது. கோடியக்கரை சரணாலயத்தோடு சேர்த்து 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஈரநிலத்தின் மொத்தப் பரப்பு 38,500 எக்டர்.

முன்பு இக்காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, முறை வைத்து முழுவதும் வெட்டி விறகாக்கினார்கள். வெட்டிய இடத்தில் தானாக மரம் முளைத்துவிடும் என்பது எண்ணம். 1970-கள் வரை இது நடந்தது. ஆனால் பல கூறுகளில் மரம் திரும்ப வரவில்லை. ஆடு மாடு மேய்ந்தது, நன்னீர் குறைந்தது என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. பிறகு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் இணைந்து ஆராய்ந்தபோது, நிலத்தின் மட்டம் மாறிவிட்டிருந்தது தெரியவந்தது. நிழல் போய் வெயில் நேரே விழுந்ததால் சேறு காய்ந்து சுருங்கி, தரை சற்றே அமிழ்ந்து, நடுவில் தாம்பாளம்போல் குழிந்துவிட்டது. குழிவு கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் பெரிய ஓதத்தில் உள்ளே வந்த நீர் வெளியேற வழியில்லை. அங்கேயே நின்று வற்றி, உப்பு ஏறி, அலையாத்தி விதைகூட முளைக்க முடியாத களராகிவிட்டது. உப்பு நீரில் வாழும் மரத்துக்கே தாங்கவில்லை என்றால் நெல்லைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

மருந்தும் மட்டத்தில்தான் இருந்தது. தரையின் உயரங்களை அளந்து, கழியின் ஓடையிலிருந்து சாய்வாக ஒரு முதன்மை வாய்க்காலும், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் மீன் முள் வடிவில் வெட்டினார்கள். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வந்து, இறங்கும்போது வெளியே போயிற்று. தேங்கிய உப்பு கழுவப்பட்டது. கரையில் நட்ட விதைகள் வேரூன்றின. 1990-களில் தொடங்கிய இம்முறையை வனத்துறை கிராம மக்களின் துணையோடு பல இடங்களில் செய்துள்ளது. உரமோ மருந்தோ இடவில்லை. நீருக்குப் போக்கும் வரத்தும் கிடைத்தது, அவ்வளவே.

இதிலிருந்து கடைமடை விவசாயி நேராக எடுத்துக்கொள்ளவேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. மனை மேடாக்கவும், சாலை போடவும், செங்கல் அறுக்கவும் வயலின் மேல்மண்ணை ஓர் அடி, இரண்டு அடி வெட்டி விற்பது இப்பகுதியில் நடைபெறுகிறது. விற்றபின் வயல் சமமாகத்தான் தோன்றும். ஆனால் அது சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்த தாம்பாளமாகிவிட்டது. வெட்டிய காட்டில் நடந்தது அங்கும் நடக்கும். மண்ணுக்குக் கிடைத்த பணம் ஒருமுறை வருவது. உப்பு ஆண்டுதோறும் வருவது. ஓத உச்சியிலிருந்து ஒரு சாணுக்குள் உள்ள எந்த வயலிலும் ஒரு கூடை மண்ணும் எடுக்கலாகாது என்பது எமது உறுதியான கருத்து.

அதேபோல, பக்கத்தில் இறால் குட்டை இருந்தால் அதன் நீர்மட்டத்தையும் கவனிக்கவேண்டும். குட்டையில் உப்பு நீரை வயலைவிட உயரமாகக் கட்டி நிறுத்துகிறார்கள். கரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் உயரத்திலிருந்து தாழ்வுக்குக் கசிவு உண்டு. இடையே ஒரு கசிவு வாய்க்கால் இருக்கிறதா, அதன் அடிமட்டம் நம் வயலைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்பதை அளந்து பார்க்காமல் வாக்குவாதம் செய்வதில் பயனில்லை.

நம் வயலுக்கு நாமே படம் போடுதல்

விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. கொத்தனார்கள் அடித்தளம் போடும்போது பயன்படுத்தும் டியூப் மட்டம் போதும். 20 மீட்டர் நீளமுள்ள, உள்ளே நீர் தெரியக்கூடிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றும், இரண்டு மீட்டர் நீளமுள்ள நேரான கழிகள் இரண்டும் தேவை. கழிகளில் அடியிலிருந்து சென்டிமீட்டர் குறித்துக்கொள்ளவேண்டும். குழாயின் இரு முனைகளையும் கழிகளில் கட்டி, குழாயில் நீர் நிரப்பவேண்டும். நீரில் கொஞ்சம் நீலம் கலந்தால் பார்ப்பதற்கு எளிது. குழாய்க்குள் காற்றுக் குமிழி இருக்கவே கூடாது. பெரும்பாலான தவறுகள் குமிழியால் வருபவையே. வெயில் ஏறுமுன் காலையில் அளப்பது நல்லது. குழாயின் ஒரு பகுதி நிழலிலும் மறுபகுதி வெயிலிலும் கிடந்தால் அளவு சற்றுப் பிசகும்.

முதலில் அசையாத ஓரிடத்தைத் தொடக்கக் குறியாகக் கொள்ளவேண்டும். மதகின் மேல்தளம், பாலத்தின் கைப்பிடிச் சுவர், கோயில் படிக்கட்டு எதுவாயினும் சரி. வரப்பில் நட்ட கல் உதவாது, அது இறங்கும். அந்தக் குறியில் துறையாரின் உயர எண் இருந்தால் மிகவும் நல்லது. இல்லையென்றால் நாமே 300 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கழியைக் குறியின் மேலும் மற்றதை வயலிலும் நிறுத்துகிறோம். இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். குறியின் மேலுள்ள கழியில் நீர் 112 செ.மீ. காட்டுகிறது, வயல் கழியில் 158 செ.மீ. காட்டுகிறது என்று கொள்வோம். வயல் குறியைவிட 46 செ.மீ. தாழ்வு. ஆகவே அவ்விடத்தின் உயரம் 254. வயலின் மறு மூலையில் 185 காட்டினால் தாழ்வு 73, உயரம் 227. குழாய் எட்டாத தூரத்துக்கு, அளந்த இடத்தையே அடுத்த தொடக்கமாகக் கொண்டு படிப்படியாகச் செல்லவேண்டும். முடிவில் சுற்றி வந்து முதல் குறியிலேயே அளவை முடிக்கவேண்டும். கணக்கு 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் மீண்டும் அளப்பதே வழி.

ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 64 மீட்டர் சதுரம். 16 மீட்டருக்கு ஓர் இடம் வீதம் பார்த்தால் ஏக்கருக்கு 16 இடங்கள் அமையும். புல வரைபடத்தின் நகலை எடுத்துக்கொண்டு அதில் இந்த எண்களைக் குறிக்கலாம். வருவாய்த் துறையின் இணையதளத்தில் அந்நகல் கிடைக்கிறது. அப்படத்தில் நீள அகலம் மட்டுமே உண்டு, உயரம் கிடையாது. நாம் அதை நிரப்புகிறோம். பிறகு 230, 240, 250 என்று 10 செ.மீ.க்கு ஒன்றாகச் சம உயரக் கோடுகளை இழுத்துவிட்டால், நில அளவைத் துறையின் தாளில் இல்லாத கோடுகள் நம் கையில் வந்துவிடும்.

இதில் சேர்க்கவேண்டிய கோடு இன்னும் ஒன்று உண்டு. முக்கியமானதும் அதுவே. வயலின் நீர் வடியும் வாய்க்காலில் ஒரு மூங்கிலை ஊன்றி, அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள், ஓதம் ஏறி நிற்கும் உயரத்தைக் குறிக்கவேண்டும். அந்தக் குறியின் உயரத்தையும் டியூப் மட்டத்தால் அளக்கவேண்டும். அது 239 என்று வந்தால், மேலே சொன்ன உதாரணத்தில் வயலின் முதல் இடம் ஓதத்துக்கு 15 செ.மீ. மேலே, மறு மூலை 12 செ.மீ. கீழே. 239 கோட்டைச் சிவப்பு மசியால் வரைந்து வைத்துக்கொள்ளவேண்டும். அந்தச் சிவப்புக் கோடுதான் அந்த வயலில் கடலின் எல்லை.

படத்தைக் கொண்டு என்ன செய்வது?

சிவப்புக் கோட்டுக்குக் கீழுள்ள பகுதியை மேலுள்ள பகுதியிலிருந்து ஒரு குறுக்கு வரப்பால் பிரித்துவிடுவது முதல் வேலை. இரண்டையும் ஒரே பாத்தியாக வைத்திருந்தால் பள்ளத்தின் உப்பு மேட்டுக்கும் பரவும். வடிகாலை ஆழப்படுத்தினால் நீர் விரைவில் வடியும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஓத உச்சிக்குக் கீழே வெட்டிய வடிகால், கதவு இல்லையென்றால், நீரை வெளியேற்றுவதைவிட உப்பை உள்ளே அழைத்து வரும். வெளிப்புறமாக மட்டும் திறக்கும் தட்டுக் கதவோ, பலகை அடைப்போ இல்லாமல் ஆழப்படுத்தக் கூடாது. வெளி வரப்பின் உயரமும் வழக்கப்படி இவ்வளவு என்று போடாமல், சிவப்புக் கோட்டை அளவாகக் கொண்டு, புயல் காலத்துக்காக அதற்கு மேலும் இரண்டு அடியாவது வைத்துப் போடவேண்டும்.

மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி வயலைச் சமன் செய்ய லேசர் சமன்படுத்தும் கருவி இன்று வாடகைக்குக் கிடைக்கிறது. மேல்மண் 15 செ.மீ.யை ஒதுக்கி வைத்துவிட்டு அடிமண்ணை நகர்த்தி, பின்னர் மேல்மண்ணைப் பரப்புவதே முறை. பண்ணைக் குட்டை வெட்ட விரும்புவோர் பள்ள மூலையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கடலோரத்தில் ஆழமாகத் தோண்டினால் உவர் ஊற்று வந்துவிடும். ஆகவே பரப்பைக் கூட்டி ஆழத்தைக் குறைக்கவேண்டும். எடுத்த மண் வரப்புக்கு உதவும்.

இரகத் தேர்வையும் கோடு பார்த்துச் செய்யலாம். மண்ணின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசி சைமன் அளவைத் தாண்டினால் அது உப்பு மண். சாதாரண நெல் இரகங்களில் மகசூல் குறைவது அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஒரே வயலில் மேட்டில் ஒரு மாதிரி, பள்ளத்தில் ஒரு மாதிரி என்று இரண்டு மண் மாதிரி எடுத்து அனுப்பவேண்டும். எல்லாவற்றையும் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால் வரும் முடிவு மேட்டுக்கும் பொருந்தாது, பள்ளத்துக்கும் பொருந்தாது. உப்பு கண்ட பள்ளத்துக்குத் திருச்சி 1, திருச்சி 3, கோ 43 முதலிய உப்பு தாங்கும் இரகங்கள் உண்டு. இப்பகுதியில் தொன்றுதொட்டு விளையும் குழியடிச்சானையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மேட்டில் வழக்கமான சம்பா இரகத்தையே நடலாம். வயல் முழுவதற்கும் ஒரே இரகம் என்ற பிடிவாதத்தால் பள்ளத்தில் ஆண்டுதோறும் நட்டம் அடைகிறோம்.

காட்டின் எல்லை

வடிகால் சரியில்லாத ஆண்டுகளில், காப்புக் காட்டின் எல்லைக் கல்லைத் தாண்டி ஒரு வாய்க்கால் வெட்டி நீரைக் கழியில் விட்டுவிடலாம் என்று ஊரில் பேச்சு எழுவது இயல்பு. அனுமதியின்றி அவ்வாறு செய்வது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, மட்டம் பாராமல் வெட்டிய வாய்க்கால் கோடையில் உப்பைக் கொண்டுவரும் பாதையாகும். காட்டுக்குள்ளும் நீரோட்டத்தைக் கெடுக்கும். மழைக்காலத்தில் வயலின் நன்னீர் காட்டுக்குப் போய்ச் சேர்வது அலையாத்திக்கு நல்லதே. ஆகவே இந்த விஷயத்தில் விவசாயியின் தேவையும் காட்டின் தேவையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. வெட்டும் இடமும் கதவின் அடிமட்டமும் சரியாக இருக்கவேண்டும் என்பதே கேள்வி. ஊரார் பத்துப் பதினைந்து பேர் தங்கள் வயல்களின் மட்டங்களை ஒரே தொடக்கக் குறியிலிருந்து அளந்து, ஒரே தாளில் சேர்த்து எடுத்துக்கொண்டு நீர்வளத் துறைப் பொறியாளரையும் வனச்சரகரையும் சேர்ந்து சந்தித்தால், “எங்கள் பக்கம் தண்ணீர் நிற்கிறது” என்ற மனுவைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம். எந்த இடத்தில் எத்தனை சென்டிமீட்டர் தடை என்று கேட்டால் பதில் கையில் இருக்கும்.

சட்டமும் இப்போது மட்டத்தை வைத்தே பேசுகிறது. 1991-இல் முதலில் வந்து, 2019-இல் மாற்றி வெளியிடப்பட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் ஓத உச்சிக் கோடுதான் அடிப்படை. ஆற்றிலும் கழியிலும் ஓதத்தின் பாதிப்பு எதுவரை என்பதற்கு, ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு இருக்கும் இடம் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக் காட்டைச் சுற்றி 50 மீட்டர் காப்புப் பட்டையும் உண்டு. பட்டா நிலத்தில் உள்ள அலையாத்திக்கு அப்பட்டை தேவையில்லை என்று 2019 அறிவிக்கை கூறுகிறது. காட்டை ஒட்டி நிலம் உள்ளவர்கள் கொட்டகை போடவோ குட்டை வெட்டவோ முனைவதற்கு முன், மாவட்ட நிர்வாகத்திடம் உள்ள மண்டலப் படத்தில் தங்கள் சர்வே எண் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்வது நலம். எல்லைக் கல் புதைந்தோ சாய்ந்தோ போயிருந்தால், வனத்துறையாரும் நில அளவரும் உடனிருக்கும்போது மட்டுமே அதைத் தொடவேண்டும்.

மட்டம் அளக்க ஏற்ற காலம் சம்பா அறுவடைக்குப் பிறகு, கோடை உழவுக்கு முன். தரை இறுகியிருக்கும், கழி அமிழாது. ஒருமுறை போட்ட படம் பல ஆண்டுகள் பயன்படும். எனினும் 2018 நவம்பர் 16 அதிகாலை கரை கடந்த கஜா புயலைப் போன்ற ஒன்று வந்து போனால், கரைகள் உடைந்து, ஓடைகளில் சேறு படிந்து, ஓதம் ஏறும் உயரமே மாறியிருக்கக்கூடும். அப்போது வயலை முழுவதும் மீண்டும் அளக்காவிட்டாலும், வாய்க்காலில் மூங்கிலை ஊன்றிச் சிவப்புக் கோட்டை மட்டுமாவது புதிதாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளவேண்டும்.